நாட்டு விதை எடுக்கத் தொடங்குகிறேன்: கத்தரி, வெண்டை, குடச்சுரை, அவரை

கொல்லைப்புறம்:
வணக்கம். விதைத் திருவிழாவில் வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரி, சிவப்பு வெண்டை, குடச்சுரை, கொடி அவரை விதைகள் கையில் இருக்கு. ஆடிப்பட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இடத்தில் போடப்போறேன். அடுத்த வருஷத்துக்கு இதிலிருந்தே விதை எடுக்கணும். எத்தனை செடி விடணும்? பக்கத்துத் தோட்டத்தில் நீட்டுச்சுரை ஏத்தியிருக்காங்க, கலந்துடுமா? எடுத்த விதையைக் கெடாம எப்படி வைக்கிறது?

நாற்றங்கால்:
விதைக்குக் காயைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க, செடியைப் பாருங்க. நோஞ்சான் செடியில் ஒரே ஒரு காய் பெருசா இருந்தாலும் அது விதைக்கு ஆகாது.

கத்தரியில் 8, 10 செடி வைங்க. சிற்றிலை நோய் வந்ததைப் பிடுங்கிப் போட்டுட்டு, முள், நிறம், காய்ப்பு மூணும் ரகத்துக்கு ஒத்துவர்ற 4 செடியில் நூல் கட்டிவிடுங்க. முதல் பறிப்பைச் சமையலுக்கு எடுத்துட்டு, அடுத்து பிடிக்கிறதில் செடிக்கு 2 காய் மட்டும் விடுங்க. அதுக்கு மேல விட்டா செடி பூக்கிறதைக் குறைச்சுக்கும். காய் மஞ்சளாகித் தோல் பழுப்படிச்ச பிறகுதான் பறிக்கணும். கறிக்கான பிஞ்சில் விதை இருக்கும், முளைக்காது. பறிச்சு ஒரு வாரம் நிழலில் வெச்சு, அறுத்து, தண்ணீரில் பிசைஞ்சு அலசினா சதையும் பதரும் மிதக்கும். அடியில் தங்கினதுதான் விதை. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். ஆனா தேனீ, வண்டு வரத்து இருந்தா கலக்கும். பக்கத்தில் வேற கத்தரி இருந்தா மொட்டிலேயே சின்ன வலைப்பை கட்டி, பூத்ததும் காம்பைத் தட்டிவிடுங்க. காய் பிடிச்சதும் பையை எடுத்துடலாம்.

வெண்டை சுலபம். நடுத்தண்டில் பிடிச்ச 3, 4 காயைச் செடியிலேயே முத்தவிட்டு, ஓரம் வெடிக்கிறப்போ பறிங்க. மழை நனைஞ்சா காய்க்குள்ளேயே பூஞ்சணம் பிடிச்சிடும். அதனால வானம் பார்த்து நாள் வெச்சுக்கோங்க. நரம்பு மஞ்சளாகிற தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவுறது, விதை வழியா வராது. இருந்தாலும் அது தாக்காம நின்ன செடியிலிருந்து எடுக்கிறதுதான் நல்லது.

பந்தல்காரர்:
சுரைதான் கவனம் வேண்டிய இடம். குடச்சுரையும் நீட்டுச்சுரையும் கட்டாயம் கலக்கும், ரெண்டும் ஒரே இனம். சுரையோட பீர்க்கு கலக்காது, பரங்கியோட வெண்பூசணி கலக்காது, அந்தக் கவலை வேண்டாம். ஆனா மிதிபாகலும் பெரிய பாகலும் கலக்கும்.

கலந்தது அந்த வருஷக் காயில் தெரியாது. காய் தாய்க்கொடியோட உருவத்தில்தான் இருக்கும், உள்ளே விதைதான் மாறியிருக்கும். அடுத்த வருஷம் போட்டாதான் வெளிச்சமாகும். அதனால கையால் மகரந்தம் சேர்த்துடுங்க.

சுரைப் பூ சாயங்காலம் மலரும். மதியம் 3 மணிக்கு மேல, அன்னைக்கு மலரப்போற வெளுத்த மொட்டுகளைப் பாருங்க. அடியில் குட்டிக்காய் இருக்கிறது பெண், வெறும் காம்பு இருக்கிறது ஆண். பெண்ணில் ஒண்ணு, வேற கொடியில் ஆண் ரெண்டு, எல்லாத்தோட நுனியையும் நூலால் கட்டுங்க. இருட்டினதும் ஆண்பூவைப் பறிச்சு இதழைக் கிழிச்சுட்டு, பெண்பூவின் நடுவில் மெல்லத் தேய்ங்க. பெண்பூவை மறுபடி கட்டி, காம்பில் வண்ணநூல் சுத்துங்க. சில நாளில் பிஞ்சு பருக்கலைன்னா மஞ்சளாகி உதிரும். அப்போ வேற பூவில் செய்யணும். கொடிக்கு ஒரு விதைக்காய் போதும். கொடி காஞ்சு, காயைக் குலுக்கினா கலகலன்னு சத்தம் வர்றவரை விடுங்க.

ஒரு எச்சரிக்கை. கசப்புச் சுரையோட கலந்த விதையிலிருந்து வர்ற காய் விஷமாகலாம், வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையா வரும். ஒவ்வொரு கொடியின் முதல் காயிலும் துளி நாக்கில் வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு அந்தக் கொடியையே அறுத்துடுங்க. சமைச்சாலும் அந்தக் கசப்பு போகாது.

கொல்லைப்புறம்:
நன்றி. அவரையை நல்லாக் காயவெச்சு, மூடி இறுக்கின டப்பாவில் போட்டாலும் வண்டு வருதுன்னு சொல்றாங்களே, ஏன்?

நாற்றங்கால்:
பயறு வண்டு நெத்து மேலயே வயலில் முட்டை வெச்சுடும். புழு விதைக்குள்ள இருக்கிறப்போவே நீங்க மூடுறீங்க. நெத்து காஞ்சதும் தாமதிக்காம பறிச்சு உடைச்சு, நல்லாக் காயவெச்ச விதையை மூடின பாட்டிலில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைங்க. வெளியே எடுத்து பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கணும். முன்னாடியே திறந்தா விதைமேல நீர் கோத்துக்கும். ஈரத்தோட ஃப்ரீசருக்குப் போனா முளைப்புக் கரு செத்துடும். ஃப்ரீசர் இல்லைன்னா சலிச்ச, ஆறின விறகுச் சாம்பலை விதை மூழ்கிற அளவு கலந்து வைங்க.

காயவைக்கிறதில்தான் நிறைய விதை வீணாகுது. அலசின விதையைப் பருத்தித் துணியில் பரப்பி 3, 4 நாள் நிழல், அப்புறம் காலை வெயில் 10 மணி வரை. மொட்டைமாடித் தரையில் உச்சி வெயில் கூடாது. சுரை விதை வளைஞ்சா ஈரம், பட்டுன்னு ஒடிஞ்சா பக்குவம். மழைக்காலத்தில் சந்தேகமா இருந்தா, வறுத்து மூடி ஆறவெச்ச அரிசியை விதையின் எடைக்குச் சமமா துணியில் முடிஞ்சு அதே பாட்டிலில் 2 வாரம் போடுங்க. ஈரத்தை அரிசி இழுத்துக்கும்.

பந்தல்காரர்:
ரகம், எங்கே வாங்கினது, எடுத்த மாசம் மூணையும் சீட்டில் எழுதி பாட்டிலுக்கு உள்ளே போடுங்க, வெளியே ஒட்டினது உரிஞ்சிடும். பட்டத்துக்கு மூணு வாரம் முன்னாடி 20 விதையை ஈரத்துணியில் முடிஞ்சு பாருங்க. வெண்டை ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும், கத்தரிக்கு 10 நாள் கொடுங்க. 14க்குக் கீழே முளைச்சா குழிக்கு ஒரு விதை கூடுதலா போட்டுக்கலாம். புதுசா எடுத்த கத்தரி விதை சிலது உடனே முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்க்காம அதைக் கொட்டிடாதீங்க.