பதினெட்டு மாதக் கிளிப், முப்பது மாதம் ஆன கதை

29 வயதில் கிளிப் போட்டேன். முன்பல் தூக்கல். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பல்லை எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். பதினெட்டு மாதம் என்றார் டாக்டர். முப்பது மாதம் ஆனது. ரொம்ப நாள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பல் எடுத்த இடைவெளி ஏறக்குறைய 7 மி.மீ. பல் நகர்வது நன்றாகப் போனால் மாதத்துக்கு 1 மி.மீ. பெரியவர்களுக்கு இன்னும் மெதுவாகவும் போகலாம். இதில் என் பங்கு வேறு. தீபாவளி முறுக்கில் ஒரு பிராக்கெட் (கம்பியைப் பிடிக்க பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்றது, பொங்கல் கரும்பில் இரண்டு. கழன்ற பல் அங்கேயே நின்றுவிடும், சில சமயம் பின்னாலும் போகும். ஒட்டிவிட்டு, திரும்ப மெல்லிய கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய கூத்து, பல்லை இழுக்க கிளிப்பில் மாட்டும் ரப்பர். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர நாள் முழுக்கப் போடச் சொன்னார். நான் ராத்திரி மட்டும்தான். ஆபீசில் வாய் திறந்தால் ரப்பர் தெரியுமே! ஒருநாள் புது பாக்கெட் எழுதப் போனவரிடம் "பழசே இருக்கு சார்" என்று சொல்லித் தொலைத்தேன். "எப்படிம்மா மிச்சம் இருக்கும்?" என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். விடாமல் இழுத்தால்தான் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளருமாம். விட்டு விட்டு இழுத்தால் வலி மட்டும்தான் மிச்சம்.

"இன்னும் இறுக்குங்க சார், சீக்கிரம் முடியட்டும்" என்றும் கேட்டுப் பார்த்தேன். அதிகம் இறுக்கினால் வேரைச் சுற்றி ரத்த ஓட்டம் நின்று பல் நகர்வதே தாமதமாகும், வேரும் தேயும் என்று மறுத்துவிட்டார்.

*

அக்கா, என் பையனுக்கு 14 வயது. ரப்பரெல்லாம் ஒழுங்காகப் போட்டான், பல்தான் தேய்க்க மாட்டான். ஈறு வீங்கி ரத்தம் வந்ததால், சுத்தம் செய்து வீக்கம் வற்றும்வரை கம்பி மாற்ற மாட்டேன் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் போச்சு. வலிக்கு நீங்கள் என்ன மாத்திரை போட்டீர்கள்?

*

பாராசிட்டமால்தான் தங்கச்சி, அதுவும் கம்பி மாற்றிய முதல் இரண்டு நாள் மட்டும். ஐபுபுரூஃபன் தொடர்ந்து போட்டால் பல் நகர்வது மந்தமாகலாம் என்று எங்கள் டாக்டர் வேண்டாம் என்றார். இப்போது கிளிப் கழற்றிய பிறகு பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை ராத்திரி போடுகிறேன். ஒருமுறை ஊருக்குப் போனபோது மறந்து பத்து நாள் விட்டேன், திரும்ப வந்து போட்டால் ஏறவே மாட்டேன் என்றது.