அதிர்ஷ்டம் தானா விழுதா, நாம வர வைக்கிறதா?

செந்தூல்_கணக்கு:
குரூப் குரூப்பா ஒரு வாசகம் சுத்துது. அதிர்ஷ்டம் தற்செயல் இல்லையாம், அவங்கவங்க நடந்துக்கிற விதத்துலதான் வருதாம். இதை நம்ம மலேசியாவுல நாலு நம்பர் லாட்டரி விக்கிற கடை வாசல்ல நின்னு சொல்லிப் பாருங்க. 0000-லிருந்து 9999 வரைக்கும் 10,000 எண். ஒரு குலுக்கல்ல விழறது 23: முதல் மூணு பரிசு, ஸ்பெஷல் 10, ஆறுதல் 10. 'பிக்'ங்கிற பந்தயத்துல 1 வெள்ளி (ரிங்கிட்) வெச்சா முதல் பரிசு 2,500, ரெண்டாவது 1,000, மூணாவது 500, ஸ்பெஷல் 180, ஆறுதல் 60. பத்தாயிரம் எண்ணையும் ஒருத்தரே ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கினா செலவு 10,000, திரும்பி வர்றது 6,400. 'ஸ்மால்'ங்கிற பந்தயத்துல முதல் மூணுக்குத்தான் காசு, 3,500, 2,000, 1,000, மொத்தம் 6,500. ஆக வெள்ளிக்கு 64 காசு, மிஞ்சிப் போனா 65. விடியக்காலைல குளிச்சு சாமி கும்பிட்டு வாங்கினாலும் அதே 64 காசுதான். எந்த நல்ல பழக்கம் இதை 66 ஆக்கும்?

பட்டர்வொர்த்_பெரியவர்:
தம்பி, ஒரே எண்ணை விடாம வெச்சிருக்கிறவனுக்கு ஒரு நாள் அடிக்கும். மாத்தி மாத்தி எடுக்கிறவனுக்குத்தான் விட்டுப் போகும். பொறுமையும் ஒரு நடத்தைதானே?

செந்தூல்_கணக்கு:
பொறுமைக்குக் கணக்கு போட்டுடலாம் ஐயா. புதன், சனி, ஞாயிறு, வருசத்துக்கு 156 குலுக்கல். ஒரே எண், 1 வெள்ளி 'பிக்'. வருசத்துல ஏதாவது ஒரு பரிசு விழ வாய்ப்பு 30 விழுக்காடு, அதுலயும் பெரும்பாலும் 60 வெள்ளியோ 180 வெள்ளியோதான். முதல் பரிசுக்கு சராசரி காத்திருப்பு 10,000 குலுக்கல், அதாவது 64 வருசம். அந்த 64 வருசமும் ஒரு குலுக்கல் விடாம வாங்கினவங்கள்ல 100-க்கு 37 பேருக்கு அப்பவும் முதல் பரிசு விழுந்திருக்காது. குலுக்கல் பந்துக்கு நீங்க போன வாரம் எதை எடுத்தீங்கன்னு தெரியாது. எண்ணை மாத்தினாலும் ஒண்ணுதான், மாத்தாட்டியும் ஒண்ணுதான்.

விபத்துக்குள்ளான காரோட நம்பர் பிளேட்டை எடுக்கிறதும் இப்படித்தான். வாய்ப்பு கூடாது, குறையாது. ஆனா எல்லாரும் அதையே கேக்கறதால அந்த எண்ணுக்கு ஒதுக்கின தொகை முடிஞ்சு 'சோல்ட் அவுட்' ஆயிடும்.

ஜெலுத்தோங்_வயர்மேன்:
நாலு நம்பரை உதாரணமா எடுத்தா கண்டிப்பா நீங்கதான் ஜெயிப்பீங்க. அது ஆளோட கை படாம இருக்கணும்னே செஞ்ச விளையாட்டு. நிஜ வாழ்க்கைல "நேரம் சரியில்லை"ன்னு ஜனங்க எங்க சொல்றாங்கன்னு பாருங்க. கோலாலம்பூரைச் சுத்தின கிள்ளான் பள்ளத்தாக்குல வருசத்துக்கு 200 நாள் அளவுக்கு இடி. பினாங்கும் ரொம்பப் பின்னால இல்ல. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் சாயங்காலங்கள்ல எந்தத் தாமான்ல (குடியிருப்புல) பார்த்தாலும் ஒரு ஆட்டோகேட் (மோட்டர்ல திறக்கிற கேட்) போர்டு போயிருக்கும், ஒரு மோடம் போயிருக்கும். "நம்ம ராசி"ன்னுவாங்க. ராசியும் இல்ல, சனியும் இல்ல. வயர்.

கேட் போர்டு ஏன் எப்பவும் முதல்ல சாகுது? வீட்டு டிபி-லிருந்து (மின்சாரத்தைப் பிரிச்சு விடற பெட்டி) கேட் வரைக்கும் 15, 20 மீட்டர் கேபிள் மண்ணுக்குள்ள ஓடுது. பக்கத்துல இடி விழுந்தா அந்த நீளம் முழுக்க மின்னழுத்தம் ஏறும். அதோட இன்டர்காம் வயர் வேற வழியா வீட்டுக்குள்ள வருது. ஒரு போர்டுக்கு ரெண்டு வாசல். கேட் பக்கம் மண்ணும் வீட்டு எர்த்தும் அந்த ஒரு நொடியில வேற வேற அழுத்தத்துல நிக்கும், நடுவுல மாட்டிக்கிட்டு வேகறது போர்டு. வழக்கமா காத்திருக்கிற விபத்துக்குப் பேரு அதிர்ஷ்டக்குறைவா?

செந்தூல்_கணக்கு:
ஆனா அண்ணே, ஒரே வரிசைல ரெண்டு வீடு, ரெண்டுலயும் ஒரே கான்ட்ராக்டர் போட்ட வயரிங், ரெண்டுலயும் பாதுகாப்பு எதுவும் இல்ல. ஒண்ணுல போர்டு போச்சு, இன்னொண்ணுல போகல. போகாதவரு என்ன நல்லா நடந்துக்கிட்டாரு?

ஜெலுத்தோங்_வயர்மேன்:
அந்த ஒரு இடிக்கு ஒண்ணும் இல்ல. பத்து வருச இடிக்கு அவரும் வரிசைல நிக்கிறாரு, அவ்வளவுதான். இடி எங்க விழும்னு யாரும் பிடிக்க முடியாது. விழுந்தா எத்தனை வெள்ளி போகும்ங்கிறது டிபி பெட்டிக்குள்ள இருக்கு.

எஸ்பிடி, அதாவது இடியால திடீர்னு ஏறுற மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பி விடற கருவி, மாட்டியும் போச்சேன்னு சொல்றவங்களுக்காக, அது ஏன் தோத்துப் போகுதுன்னும் சொல்றேன். வீட்டுக்குப் போடறது டைப் 2ங்கிற வகை. பெட்டிக்குள்ள லைவ் பக்கமும் எர்த் பக்கமும் சேர்த்து அதோட வயர் அரை மீட்டருக்குள்ள இருக்கணும். நிறைய இடத்துல அழகா இருக்கட்டும்னு வயரை மூலை மூலையா வளைச்சு ஒன்றரை மீட்டர் ஓட்டி வெச்சிருப்பாங்க. கூடுற ஒவ்வொரு மீட்டரும் இடி நேரத்துல சுமார் 1,000 வோல்ட்டைக் கூடுதலா வீட்டுக்குள்ள விடும். ரெண்டாவது, எர்த் ராடு கிளாம்ப் துரு ஏறி ஆடும். எர்த்தே இல்லாத எஸ்பிடி சும்மா அலங்காரம். மூணாவது, அதுல ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், பச்சைன்னா உயிரோட இருக்கு, சிவப்புன்னா செத்துப் போச்சு. ஒவ்வொரு இடியையும் வாங்கி வாங்கி உள்ள இருக்கிற பாகம் தேயும். பெட்டி மூடியைத் திறந்து அந்த ஜன்னலை யார் பாக்கறாங்க? நாலாவது, மின்சார வயரை மட்டும் காப்பாத்திட்டு டிஷ் கேபிளையும் இன்டர்காமையும் அப்படியே விட்டா, திருடன் பின் வாசல் வழியா வருவான்.

பிரிக்பீல்ட்ஸ்_ரெசூமே:
வயர்மேன் அண்ணன் கெட்டது வராம பாத்துக்கிற பக்கத்தைச் சொல்லிட்டாரு. நல்லது வர்ற பக்கமும் அப்படித்தான். வேலை கிடைச்சதும் "லக்"ம்பாங்க. 1973-ல மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் பாஸ்டன் பக்கத்துல நியூட்டன் ஊர்ல வேலை மாறினவங்களைக் கேட்டு எழுதினது இன்னிக்கும் பேசப்படுது. தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல, அந்தத் தெரிஞ்சவரை அடிக்கடி பாக்கறவங்க 16.7 விழுக்காடுதான். எப்பவாவது பாக்கறவங்க 55.6, அபூர்வமா பாக்கறவங்க 27.8.

காரணம் எளிது. ஒரே தாமான், ஒரே கோயில் கமிட்டி, ஒரே பூப்பந்து குழு; உங்களுக்குத் தெரிஞ்ச காலி இடம்தான் அவங்களுக்கும் தெரியும். மூணு வருசம் முந்தி சேர்ந்து வேலை செஞ்சு இப்ப ஷா ஆலம் பக்கம் போயிட்டவருக்குத்தான் வேற சேதி தெரியும். அவருக்கு நாலு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு வரி போடறவனும் தீபாவளிக்கு ஃபார்வர்ட் படம் மட்டும் அனுப்பறவனும் ஒண்ணு கிடையாது. "வேலை இருந்தா சொல்லுங்க"ன்னு கேக்காதீங்க, யாராலயும் பதில் சொல்ல முடியாது. "உங்க கம்பெனில கிடங்கு கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறது யாரு?"ன்னு கேளுங்க, ஒரு பேராவது வரும்.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரு விண்ணப்பத்துக்கு வேலை கிடைக்கிற வாய்ப்பு 3 விழுக்காடுன்னு வெச்சுக்குவோம். 10 அனுப்பினா ஒண்ணாவது கிடைக்க 26 விழுக்காடு. 60 அனுப்பினா 84. இந்த 84 நடத்தையால வந்தது இல்லையா?

பட்டர்வொர்த்_பெரியவர்:
அதையேதான்மா நானும் சொல்றேன். நிறைய தடவை எடுத்தா அடிக்கும்.

செந்தூல்_கணக்கு:
ஐயா மாட்டி விட்டுட்டாரு பாருங்க 😀 சூத்திரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், உண்மை. ஆனா நாலு நம்பர்ல ஒவ்வொரு தடவையும் 36 காசு கரையுது, நிறைய தடவை எடுத்தா நிறையக் கரையும். விண்ணப்பம் அனுப்ப செலவு கால் மணி நேரம், கிடைச்சா பல வருசச் சம்பளம். முன்னதுல விடாமுயற்சி உங்க பாக்கெட்டுக்கு எதிரி.

அக்கா, உங்க 84-ல ஒரு ஓட்டை இருக்கு. அது 60 விண்ணப்பமும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருந்தாத்தான் வரும். ஒரே ரெசூமேல ஃபோன் நம்பர் ஒரு இலக்கம் தப்புன்னா 60-ம் சேர்ந்து விழும். அப்ப அது 60 முயற்சி இல்ல, ஒரே முயற்சியோட 60 நகல்.

பிரிக்பீல்ட்ஸ்_ரெசூமே:
அதுக்குத்தான் 15 அனுப்பி ஒரு அழைப்பும் வரலைன்னா நிறுத்தி ரெசூமேயை மாத்தச் சொல்றது.

செந்தூல்_கணக்கு:
15 சீக்கிரம். ரெசூமே ஒழுங்கா இருந்து, நேர்முகத்துக்கு அழைப்பு வர்ற வாய்ப்பு 10 விழுக்காடுன்னு எடுத்துக்கிட்டாலும், 15-க்கும் பதிலே வராம போக 21 விழுக்காடு வாய்ப்பு இருக்கு. நல்ல ரெசூமேயை வீணா கிழிச்சுப் போடுவீங்க. 30-க்கும் பதில் இல்லைன்னா அது 4 விழுக்காடு, அப்ப சந்தேகப்படலாம். தற்செயலைக் குறைச்சு மதிப்பிட்டா இதான் நடக்கும்: ஒண்ணுமில்லாததுக்குக் காரணம் கண்டுபிடிச்சுத் திருத்திக்கிட்டே இருப்பாங்க.

பிரிக்பீல்ட்ஸ்_ரெசூமே:
30-ன்னே வெச்சுக்குங்க. ஆனா ஃபோன் நம்பரைச் சரிபார்க்க 30 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, முதல்லயே பார்க்கலாம். அழைப்பு வந்து, நேர்முகத்துக்குப் போயும் கிடைக்கலைன்னா ரெசூமேயைத் தொடவே கூடாது, பழுது வேற இடத்துல. எங்க நின்னுச்சுன்னு தெரியாம மொத்தமா "நேரம் சரியில்ல"ன்னு சொல்றவங்கதான் அதிகம்.

லெபோ_அம்பாங்_கடைக்காரர்:
நீங்க எல்லாம் ரொம்பச் சுத்துறீங்க. சாப்பாடு நல்லா இருந்தா கூட்டம் வரும். இல்லைன்னா வராது. கடையை மூடிட்டு "ராசியில்லாத இடம்"ன்னு சொல்றவன் சாம்பாரை ருசி பார்க்கலைன்னு அர்த்தம்.

செந்தூல்_கணக்கு:
இதுக்கு நேரடியா ஒரு சோதனையே நடந்திருக்கு. 2006-ல சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு ஆய்வாளர்கள். அறியப்படாத குழுக்களோட 48 பாட்டு, 14,000-க்கும் மேற்பட்டவங்க இணையத்துல கேட்டாங்க. கேட்டவங்களைத் தனித்தனி உலகமா பிரிச்சாங்க. எட்டு உலகத்துல, அந்த உலகத்துக்காரங்க எதை எத்தனை தடவை இறக்கிக்கிட்டாங்கன்னு தெரியும். இன்னொரு கூட்டத்துக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. பாட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா ஒரு உலகத்துல மேல போன பாட்டு இன்னொரு உலகத்துல நடுவுல கிடந்தது. ரொம்ப நல்லது அரிதாத்தான் அடிமட்டத்துக்குப் போச்சு, ரொம்ப மோசமானது அரிதாத்தான் மேல வந்துச்சு. நடுவுல உள்ளது எங்க வேணா போச்சு.

பினாங்குல நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடை வரிசையும் இதான். சுற்றுலாக்காரன் வரிசையைப் பார்த்து வரிசைல நிப்பான். முதல் வாரம் யார் வந்து படம் பிடிச்சாங்கங்கிறது மிச்ச வருசத்தைத் தீர்மானிக்கலாம்.

லெபோ_அம்பாங்_கடைக்காரர்:
பாட்டைத் தப்பா கேட்டா காசு போகாது. சாப்பாடு ஒரு தடவை சரியில்லைன்னா பக்கத்து ஆபிஸ்காரன் மறுநாள் வரமாட்டான். சுற்றுலாக்காரனை வெச்சு எங்க தெருக் கணக்கைப் போடாதீங்க. இங்க மதியம் வர்றவன் தினம் வர்றவன், அவனுக்கு வரிசை நீளம் கவலை, பெருமை இல்ல.

செந்தூல்_கணக்கு:
நியாயமான வித்தியாசம். திரும்பத் திரும்ப ருசி பார்க்கிற இடத்துல தரத்துக்கு வலு கூடும். ஒரே தடவை வர்றவங்களை நம்புற கடைக்கு என் பாட்டுக் கணக்குதான் பொருந்தும்.

ஈப்போ_ரோடு_வாசகி:
ஊழ் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமையையும் இன்னும் யாரும் இழுத்து வரலையே, ஆச்சரியம்.

பிரிக்பீல்ட்ஸ்_ரெசூமே:
வேண்டாம்மா. வள்ளுவர் ரெண்டு தரப்புக்கும் வக்காலத்து வாங்கியிருக்காரு, திரி நூறு பக்கம் போயிடும்.

பட்டர்வொர்த்_பெரியவர்:
அப்ப தோட்டோ லாட்டரி ஜாக்பாட்லயும் நடத்தைக்கு ஒரு வேலையும் இல்லையா?

செந்தூல்_கணக்கு:
ஒரே ஒரு இடத்துல இருக்கு ஐயா, நானே சொல்லிடறேன். 58-ல 6 எடுக்கிற ஆட்டத்துல 4,04,75,358 சேர்க்கை, எல்லாத்துக்கும் சம வாய்ப்பு. ஆனா பேரப்பிள்ளைங்க பிறந்த தேதியாப் பார்த்து 1-லிருந்து 31-க்குள்ளேயே ஆறையும் எடுத்தா, மொத்தத்துல 1.8 விழுக்காடே உள்ள ஒரு மூலைல எல்லாரோடயும் போய் நெருக்கிக்கிட்டு நிக்கிறீங்க. விழுந்தா ஜாக்பாட்டைப் பங்கு போடணும். 32-க்கு மேல உள்ளதையும் கலந்தா விழற வாய்ப்பு கூடாது, விழுந்தா பங்காளி குறையலாம். நாலு நம்பர்ல பரிசு நிலையான தொகை, அதனால அங்க இதுகூட எடுபடாது.

ஜெலுத்தோங்_வயர்மேன்:
பார்த்தீங்களா, நாலு கோடில ஒண்ணுக்குக்கூட நடந்துக்கிற விதம்னு ஒண்ணு இருக்கு.

செந்தூல்_கணக்கு:
விழறதுக்கு இல்ல அண்ணே, பங்குக்கு மட்டும்.

ஈப்போ_ரோடு_வாசகி:
வயர்மேன் அண்ணே, உங்க பக்கம் சாய்றேன்னே வெச்சுக்குங்க. எங்க வீட்டுல இடி இடிச்சா இஎல்சிபி விழுந்துடும். அப்ப பாதுகாப்பு இருக்குன்னுதானே அர்த்தம்? எஸ்பிடி எதுக்குத் தனியா?

ஜெலுத்தோங்_வயர்மேன்:
இல்லம்மா, அது வேற வேலை. இஎல்சிபி, இப்ப ஆர்சிசிபின்னு சொல்றது, மின்சாரம் ஒழுகி ஆள் மேல பாயாம இருக்க. பொதுவா வீடு முழுசுக்கும் 100 மில்லிஆம்பியர், பிளக் பாயிண்டுக்கு 30, தண்ணி ஹீட்டருக்கு 10. இடியோட வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது. அது விழறதுக்குள்ள போர்டு வெந்திருக்கும். வீட்டுல ஆள் இல்லாதப்ப விழுந்தா ஃபிரிட்ஜ் இறைச்சியும் கெடும், அதையும் "நேரம்" கணக்குல எழுதிடுவாங்க.

வரிசை இப்படி: மொதல்ல ஆர்சிசிபில இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்குங்க. விழலைன்னா அதைத்தான் முதல்ல மாத்தணும், அது உயிர் சம்பந்தப்பட்டது. அப்புறம் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் ராடு கிளாம்ப்பைப் பார்த்து, எர்த்தை மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. 10 ஓம்ஸுக்குக் கீழ வந்தா நல்லது. அதுக்கப்புறம்தான் எஸ்பிடி. வானம் கறுத்தா ஆட்டோகேட் ஐசோலேட்டர் சுவிட்சை அடைச்சிடுங்க. டிசி மோட்டர்னா உள்ள பேட்டரி இருக்கும், அடைச்சாலும் கேட் திறக்கும், பேட்டரி பழசானாத்தான் திறக்காது. இன்டர்காம் வயர் மட்டும் அப்பவும் சேர்ந்தே இருக்கும், அதுக்குத் தனியா ஒரு சின்ன பாதுகாப்பு போடணும்.

செந்தூல்_கணக்கு:
நேரா கம்பத்துலயே விழுந்தா?

ஜெலுத்தோங்_வயர்மேன்:
அதுக்கு டைப் 2 தாங்காது. அன்னிக்கு மட்டும் உங்க கணக்கு.