கிராஞ்சித் தோட்டத்தில் வைக்கோல் கட்டுகளால் கருவி அறை கட்டலாமா?

தோட்டக்காரி:
வணக்கம். சிங்கப்பூரின் கிராஞ்சியில் நாங்கள் சிலர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தில், மண்வெட்டி, உரமூட்டை, தண்ணீர்க் குழாய் முதலியவற்றை வைக்க 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் ஓர் அறை கட்ட எண்ணியிருக்கிறோம். தகரக் கொட்டகை பிற்பகலில் அடுப்பாகக் கொதிப்பதால், வைக்கோல் கட்டுகளை அடுக்கி மண்பூச்சுப் பூசலாம் என்பது என் ஆசை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மரம் கிடைக்காத குடியேறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாறு கட்டத் தொடங்கினார்கள் என்றும், ஆர்தர் என்னும் ஊரில் 1928இல் வைக்கோலால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது என்றும் படித்தேன். நம் ஊர் ஈரத்தை இது தாங்குமா? சுவரின் மீதே கூரையை ஏற்றலாமா, தூண் நிறுத்த வேண்டுமா?

மட்டக்கோல்:
ஈரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பாருங்கள். ஒரு கட்டு ஏறத்தாழ 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் இருக்கும், இருபுறமும் பூசினால் சுவரின் கனம் அரை மீட்டரைத் தொடும். வெளியளவு 3க்கு 4 என்றால் உள்ளே எஞ்சுவது 2க்கு 3தான். அதாவது 12 சதுர மீட்டரில் பாதியை வைக்கோலே விழுங்கிவிடும். உரமூட்டை வெளியே நிற்கும்!

ஈரத்தைப் பொறுத்தவரை, வைக்கோலின் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நெடுநாள் தங்கினால் பூஞ்சை பிடித்து மட்கத் தொடங்கும். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும் என்பதால், நெப்ராஸ்காவின் வறண்ட காற்றில் நின்ற சுவரை நாம் சான்றாகக் கொள்ள முடியாது. ஆகவே தூண் நிறுத்தி, கூரையை முதலில் போட்டுவிட்டு, அதன் நிழலில் கட்டுகளை அடுக்குங்கள். தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்துக்குச் செங்கல் மேடை தேவை. கரையானைக் கண்டுபிடிக்கவும் அந்த மேடைதான் உதவும். இறவாரம் ஒரு மீட்டராவது வெளியே நீளட்டும். சிமெண்டுப் பூச்சு வேண்டவே வேண்டாம், அது உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற விடாது.

இன்னொன்று: உங்கள் கொட்டகை கொதிப்பதற்குச் சுவரைவிடக் கூரைதான் காரணம். தகரத்துக்கு அடியில் காற்றோடும் இடைவெளி விட்டு ஒரு மேற்பலகை அடித்தாலே பாதித் தொல்லை தீரும்.

பழைய கொத்தனார்:
மேலே சொன்னவற்றை நான் பட்டு அறிந்தவன். லிம் சூ காங்கில் நண்பர் ஒருவரின் நிலத்தில் சோதனைக்காக ஒரு சிறு சுவர் எழுப்பி, மழைக்குப் பயந்து தார்ப்பாயால் இறுகச் சுற்றிவிட்டுப் போனேன். மூன்று வாரம் கழித்து அவிழ்த்தபோது ஊறப்போட்ட சாக்கின் நாற்றம் அடித்தது. கீழ்வரிசையில் கையை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, விரல்நுனியில் கரும்பூஞ்சை ஒட்டிக்கொண்டது. தார்ப்பாய் மேலே மட்டும் இருக்க வேண்டும், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும் என்பதை ஒரு சுவரைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

மேற்குப் பக்கத்தை மறக்காதீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னால் வீசும் சுமத்ரா சூறைக்காற்று மழையைப் படுக்கையாக அடித்துக்கொண்டு வரும், அதற்கு இறவாரம் மட்டும் போதாது. தாழ்வாரம் ஒன்று இறக்குங்கள்.

பூச்சுக்குச் சுண்ணாம்பே சிறந்தது. 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு, இந்தியக் கைதிகள் கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெண்கருவோடும் நாட்டுச் சர்க்கரையோடும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசினார்கள். உங்கள் கொட்டகைக்கு முட்டையெல்லாம் தேவையில்லை. முதலில் வைக்கோல் கூளம் கலந்த மண், அது நன்கு காய்ந்தபின் மெல்லிய சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

தோட்டக்காரி:
இருவருக்கும் நன்றி. உள்ளளவுக் கணக்கு என் கண்ணைத் திறந்தது. ஆகவே வெயில் படும் 4 மீட்டர் மேற்குச் சுவரை மட்டும் தாழ்வாரத்தோடு வைக்கோலில் கட்டி, மற்ற மூன்று பக்கமும் பலகை அடிக்கப் போகிறோம். 7 வரிசைக்குச் சுமார் 31 கட்டுகள் போதும். மலேசியாவின் நெல் விளையும் ஊரான சேக்கிஞ்சானில் அறுவடை முடிந்த வயல்களில் கிடைக்குமா என்று உறவினரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

மட்டக்கோல்:
கட்டுகளுக்கு முன்பணம் கொடுக்கும் முன், கட்டட அனுமதி, தீப்பாதுகாப்பு, வைக்கோல் இறக்குமதி ஆகிய மூன்றையும் உரிய அமைப்புகளிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மழை குறைந்த பிப்ரவரியில் அடுக்கத் தொடங்கினால் பூச்சு காயவும் நாள் கிடைக்கும்.