நெருக்கமாக மையில் வரைந்த படம், கணினியில் வண்ணம் ஏற்றியதும் சேறாகிறது. எங்கே தப்பு?

மைப்புட்டி:
ஏ3 தாளில் 01, 03 எண் கொண்ட மெல்லிய முனை மைப் பேனாக்களால் இடைவெளியே விடாமல் நிரப்பிய படம். இலை, செதில், மணி, கண், அலை என்று ஓரம்வரை ஏதாவது ஒன்று இருக்கும். ஏ4 ஸ்கேனரில் இரண்டு துண்டாக 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து ஒட்டி, அதை 'மல்டிப்ளை'யில் (வெள்ளை மறைந்து கறுப்பு தங்கும் கலப்பு முறை) வைத்து அடியில் வண்ணம். ஒட்டிய இடத்தில் மங்கலாக ஒரு பட்டை விழுகிறது. கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. லெவல்ஸை (கறுப்பு-வெள்ளை அளவைத் திருத்தும் கருவி) இழுத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகின்றன. இதையெல்லாம் சமாளித்தாலும் நாலடி தள்ளி நின்று பார்த்தால் மொத்தமும் ஒரே கட்டி. கடைசியில் ஏ4 அளவில் அச்சுக்குப் போக வேண்டும். எதை முதலில் சரிசெய்வது?

கோட்டுக்காரன்:
பட்டை வெறும் கணக்குப் பிரச்சினைதான். ஏ3யின் நீளம் 420 மிமீ. ஏ4 ஸ்கேனர் கண்ணாடியின் அகலம் பொதுவாக 216. இரண்டு முறை வைத்தால் 432. ஆக, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது 12 மிமீ மட்டுமே. அந்த 12 மிமீதான் கண்ணாடியைச் சுற்றியுள்ள மேட்டில் ஏறித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மெலிதான ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் சென்சாருக்குக் கண்ணாடியை ஒட்டியிருப்பதுதான் கூர்மை, கொஞ்சம் தூக்கினாலே மங்கல். இரு ஓரங்களுக்கு ஒவ்வொன்று, நடுவுக்குத் தனியாக ஒன்று என மூன்று முறை எடுங்கள். மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, தாளின் மேல் தட்டையான கனமான பலகை வையுங்கள். ஸ்கேனர் மென்பொருளின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் துண்டுக்குத் துண்டு தாளின் வெள்ளை மாறும். துண்டுகளை ஒட்ட, ஃபோட்டோஷாப்பின் ஃபோட்டோமெர்ஜில் 'ரீபொசிஷன்' மட்டும் போதும். 'ஆட்டோ' கொடுத்தால் தேவையில்லாமல் படத்தை வளைத்துவிடும்.

கோடு அறுவதற்குக் காரணம் 300 டிபிஐ. அதில் ஒரு பிக்சல் 0.085 மிமீ. பிக்மா மைக்ரான் 01 என்றால் 0.1 மிமீ அல்ல, 0.25 மிமீ, அதற்கே மூன்று பிக்சல்தான் கிடைக்கும், அதிலும் ஓரத்தில் இருப்பவை சாம்பல். லெவல்ஸ் முதலில் தின்பது அந்த ஓரத்தைத்தான். 600இல் எடுத்தால் அதே கோட்டுக்கு ஆறு பிக்சல். முடிந்தால் 16 பிட்டில் (சாம்பல் படிகள் அதிகம்) ஸ்கேன் செய்து, லெவல்ஸ் முடிந்தபின் 8 பிட்டுக்கு இறக்குங்கள்.

அடுக்கு_ஏழு:
சாம்பலுக்கு ஸ்கேனரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மை காய்ந்தபின் பென்சிலை அழித்தீர்களானால், அழிப்பான் மையின் மேற்பரப்பையும் சுரண்டிக்கொண்டு போகும். அழிக்கவே வேண்டாம். வெளிர்நீலப் பென்சிலில் அடிவரைவு போட்டு, மை ஏற்றி, வண்ண ஸ்கேனாக எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ணச் சேனல்களில் நீலச் சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீலம் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். பலர் சிவப்புச் சேனலை எடுத்துவிட்டு 'நீலம் இன்னும் கருத்துவிட்டது' என்று புலம்புவது வழக்கம்!

'மல்டிப்ளை'யை நம்பி இருக்காதீர்கள். தாளின் மிச்ச மஞ்சளும் சொரசொரப்பும் எல்லா வண்ணத்தின் மேலும் ஒரு அழுக்குப் படலமாக உட்காரும். நீங்கள் 'சேறு' என்பதில் பாதி அதுதான். கோட்டைத் தனியே உரித்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் சேனல்ஸ் பலகத்தில் ஆர்ஜிபி சிறுபடத்தைக் கண்ட்ரோல் அழுத்திக் கிளிக் செய்து, வரும் தேர்வுப் பகுதியைத் தலைகீழாக்கி, புது லேயரில் (படலம்) கறுப்பை நிரப்பினால் கோடு மட்டும் வரும். கிரிட்டா, கிம்ப் ஆகிய ஓவிய மென்பொருள்களிலும் 'கலர் டு ஆல்ஃபா' இதே வேலையைச் செய்யும். பிறகு அந்த லேயரின் ஒளிபுகும் பகுதியை மட்டும் பூட்டிவிட்டு கோட்டுக்கே வண்ணம் கொடுக்கலாம்: பின்னணிச் செதில்களைக் கரும்பச்சையாக்குங்கள், முன்னால் இருப்பவை மட்டும் கறுப்பாக இருக்கட்டும். ஆழம் அங்கேயே பாதி வந்துவிடும்.

வெற்றிடம்:
மேலே சொன்ன எல்லாம் செய்தாலும் கட்டி கட்டியாகவே இருக்கலாம். அது ஸ்கேன் பிழை இல்லை, ஒளி-நிழல் பிழை. எல்லா இடத்திலும் ஒரே பருமனுள்ள கோடு, ஒரே அடர்த்தி என்றால் கண்ணுக்கு அது ஒரே சாம்பல். எத்தனை வண்ணம் ஊற்றினாலும் அதை மறைக்க முடியாது.

ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1907இல் முடித்த முதல் அடேல் பிளாக்-பாவர் ஓவியத்தைப் பாருங்கள். சுழல், முக்கோணம், கண் வடிவம் என்று தங்கத்தில் நெரிசலோ நெரிசல். ஆனால் முகம், தோள், கைகளின் தோலில் ஒரு அலங்காரப் புள்ளி கூட இல்லை. நிறைந்து வழியும் படத்துக்கும் கண் உட்கார ஓரிடம் வேண்டும்.

செய்முறை: வண்ணத்துக்கு முன்பே படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, வெளிர், நடு, கரு என்று மூன்றே தொனியில் பிரியுங்கள். ஒவ்வொரு பெரிய உருவமும் ஒரே தொனிக்குள் அடங்க வேண்டும். அதற்குள் இருக்கும் நுணுக்கம் அந்தத் தொனியைத் தாண்டக் கூடாது. மேலே வெறும் சாம்பல் நிரப்பிய லேயரை 'கலர்' முறையில் வைத்து அவ்வப்போது எரிய விட்டு அணைத்துச் சோதியுங்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக்கொள்வதுபோல் இருக்கும், ஆனால் சாம்பலில் இரண்டும் ஒன்றாகிவிடும். அங்கேதான் உருவம் தொலைகிறது.

இன்னொன்று. கையால் வரைந்ததற்குப் பக்கத்தில் கணினியின் அச்சுப்பிசகாத சமச்சீர் வடிவத்தை ஒட்டினால் தையல் தெரியும். ஒரு மணியை நான்கைந்து விதமாகக் கையால் வரைந்து அதையே தூரிகையாக்குங்கள். ரொம்பப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம், கோட்டுப் பருமன் காட்டிக்கொடுக்கும்.

மைப்புட்டி:
600க்கு மாறினேன். ஐந்தாறு லேயரிலேயே கணினி திணறுகிறது.

கோட்டுக்காரன்:
திணறாமல் என்ன செய்யும்? ஏ3யை 600இல் எடுத்தால் 7016 × 9921, ஏறத்தாழ 7 கோடி பிக்சல். 8 பிட்டில் முழுதும் நிரம்பிய ஒரு வண்ண லேயரே சுமார் 280 எம்பி. ஏ4 அச்சுக்கு இது தேவையில்லை. 600இல் ஸ்கேன், சுத்தம், கோடு உரித்தல். பிறகு ஏ4 அளவுக்கு 600ஆகச் சுருக்கினால் எடை பாதியாகும். அடிவண்ணத்தை மழுங்கல் இல்லாத ஓரத்தோடு நிரப்பி, தேர்வை இரண்டு பிக்சல் விரித்துக் கோட்டுக்கு அடியில் தள்ளுங்கள், வெள்ளைக் கீற்று வராது. ஃபோட்டோஷாப்பில் கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்டியாகச் சேமிக்காது, பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி வடிவம் வேண்டும்.

அடுக்கு_ஏழு:
அச்சுக்கு அனுப்பும்போது கறுப்புக் கோடுகளை அப்படியே ஆர்ஜிபியிலிருந்து (திரை வண்ணம்) சிஎம்ஒய்கேக்கு (நான்கு மை அச்சு வண்ணம்) மாற்றினால் நான்கு மையாகவும் பிரியும். அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் ஒவ்வொரு முடிக்கோட்டுக்கும் வண்ண நிழல் விழும். கறுப்புக் கோட்டு லேயரைத் தனியே வைத்து, சிஎம்ஒய்கேயில் கறுப்பு 100, மற்றவை 0, மேலச்சாக (அடி வண்ணத்தை வெட்டாமல் அதன் மேலேயே) வரும்படி கொடுங்கள். ஏ3 ஏ4 ஆகும்போது கோடு 71 சதவீதமாக மெலியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 01 பேனாவின் 0.25 மிமீ அங்கே 0.18தான். அது தாங்கும், 005இல் போட்ட குறுக்குக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும்.