தூர்தர்ஷனும் சென்னைக் கலைகளும்: பார்த்தவர்கள், ஆடியவர்கள், கேபிள் இழுத்தவர்கள் சொல்லுங்கள்

மாடிப்படி

போன வாரம் ஒரு வேலையாகச் சேப்பாக்கம் பக்கம் போயிருந்தேன். சுவாமி சிவானந்தா சாலையில் தூர்தர்ஷன் வாசலைத் தாண்டும்போது ஆட்டோக்காரர், "உள்ளே போயிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். போனதே இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்து எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பேசத்தான் இந்த இழை.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. எங்கள் திருவல்லிக்கேணிச் சந்துக்கு முதல் பெட்டி வர மேலும் நாலைந்து வருஷம் ஆயிற்று. மாடியில் வீட்டுக்காரர் கூடத்தில், ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால் கால் வைக்க இடம் இருக்காது. ஜன்னல் கம்பியில் நாலு பிள்ளைகள் தொங்கும். அடுத்தது கர்நாடக இசை என்று அறிவிப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் கூடம் காலி. வீட்டுக்காரரே எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார். மிஞ்சுவது என் பாட்டியும், பாட்டியைக் கைபிடித்து மாடியேற்றிக் கூட்டிவர நியமிக்கப்பட்ட நானும்தான்.

பாட்டிக்குச் சங்கீதம் என்றால் உயிர். எங்கள் பேட்டையிலேயே பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இலிருந்து இருக்கிறது. பாட்டி ஒருநாளும் கச்சேரிக்குப் போனதில்லை. இருபத்தாறு வயதில் தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குக் கோயிலைத் தவிர வெளியிடம் கிடையாது என்று வீட்டில் யாரோ தீர்மானித்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்டுக் கேட்டு, பாடகர் தொண்டையைச் செருமினாலே ஆளைச் சொல்லிவிடுவாள். முகம் மட்டும் தெரியாது.

முதல் தடவை ஒரு பெரிய வித்வானைப் பெட்டியில் பார்த்தபோது, "இவரா? ஒல்லியா, உசரமா இருப்பார்னு நெனச்சிண்டிருந்தேனே!" என்றாள். பத்து நிமிஷம் அவளுக்குப் பாட்டே ஏறவில்லை. அந்தக் குரலை இந்த முகத்தில் ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஒட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய பிறகுதான் தொடையில் தாளம் ஆரம்பித்தது.

வயலின் வந்ததும் கண்ணைத் திறந்தாள். கேமரா விரலுக்கு அருகில் போயிருந்தது. சபாவில் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் கிடைக்காத காட்சி அது. "எண்ணெய் கொட்டின தரையில நடக்கற மாதிரின்னா வழுக்கறது விரல்!" என்றாள். அப்புறம் எந்தக் கச்சேரி என்றாலும் பாடகர் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வாள், வயலினுக்குத் திறப்பாள்.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

வலந்தலை

மாடிப்படி சார், நான் உள்ளே போனவன். மிருதங்கம்.

அரை மணி நேரக் கச்சேரி என்பார்கள். அறிவிப்பு, பெயர்ப் பட்டியல் எல்லாம் போகக் கையில் கிடைப்பது அதற்கும் குறைவு. அதில் ஒரு வர்ணம், ஒரு சின்னக் கிருதி, ஒரு பிரதானம், கடைசியில் ஒரு துக்கடா. மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு நாலு நிமிஷம். சபாவில் நாலு நிமிஷத்தில் நான் சுத்தியலை எடுத்துச் சுருதியே சேர்த்திருக்க மாட்டேன்.

எனக்கு அங்கே முதலில் எதிரி ஏசிதான். அந்தக் காலத்து விளக்குகளின் சூட்டுக்கும் கருவிகளுக்குமாக ஸ்டுடியோவைக் குளிர வைத்திருப்பார்கள். வெயிலில் பஸ்ஸில் வந்த மிருதங்கம் அந்தக் குளிரில் அரை மணியில் வேறு வாத்தியமாகிவிடும். தொப்பியில், அதாவது இடது முகத்தில், அப்பிய ரவை காய்ந்து இறுகும். அதனால் முன்கூட்டியே போய், வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து, ஸ்டுடியோ மூலையில் சும்மா வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அதுவும் நம்மைப் போலத்தானே, இடம் பழக வேண்டும்.

இன்னொன்று உடை. பளிச்சென்ற வெள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளைச் சட்டைக்கு ஏற்ப கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் என் முகம் இருட்டுக்குள் போய்விடும். (ஏற்கெனவே நான் கொஞ்சம் இருட்டு.) சந்தன நிற ஜிப்பா ஒன்று அதற்கென்றே தைத்து வைத்திருந்தேன்.

நான் மறக்காதது ஒரு தயாரிப்பாளரை. பதிவுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தனியில மோரா எங்கே வரும், கோர்வை எத்தனை தடவை, எந்தக் கை அதிகம் பேசும், சொல்லுங்க" என்றார். (மோராவும் கோர்வையும் தனியில் வரும் தாளக் கணக்கு முடிப்புகள்.) நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அன்றைய பதிவு ஒளிபரப்பானபோது, கும்கி என்ற அடிநாதம் வரும் இடத்தில் இடது கை, அரைச்சாப்பு என்ற அடி விழும் இடத்தில் வலது கை, கோர்வை மூன்றாம் முறை முடிந்து சமத்தில் விழும்போது பாடகரின் முகம். என் வாசிப்பு சுமார்தான். அது வாசிப்பைவிட நன்றாகத் தெரிந்தது அந்தக் காகிதத்தால். பிற்பாடு எத்தனையோ இடங்களில் வாசித்தேன், தனி ஆரம்பித்ததும் கேமரா மேடைப் பூ அலங்காரத்தைப் பார்க்கப் போய்விடும். எந்த சேனல் என்று கேட்காதீர்கள்.

கால் சலங்கை

வலந்தலை அண்ணா, உங்களுக்காவது ஜிப்பா. எங்களுக்கு மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், தலைசாமான். எண்பதுகளின் நடுவில் என் குருவின் மாணவிகள் நாலு பேர் பதிவுக்குப் போனோம். எனக்குப் பதினான்கு வயது. படம் பிடிக்கக் குழாய் வைத்த அந்தப் பழைய கேமராக்களில் கல் மின்னினால் திரையில் ஒரு வால் இழுக்கும், வால்நட்சத்திரம் மாதிரி. ஒத்திகையில் நான் தலையைத் திருப்பினால் என் மூக்கிலிருந்து ஒரு கோடு காது வரைக்கும் போனதாம். ஒப்பனை அம்மா சோப்புத் துண்டை எடுத்து என் நெற்றிச்சுட்டிக் கல்லில் தேய்த்துவிட்டார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தச் செட் நகை அவர் தவணையில் வாங்கியது.

மேடையில் ஆயிரம் பேருக்குக் கண்ணை உருட்டிப் பழகியவர்களுக்கு கேமரா பக்கத்தில் வந்து நிற்பது ஒரு பெரிய தொல்லை. என் குரு, "கால்வாசி போதும்டி, பூனை பார்க்கிற மாதிரி பார்" என்றார். உண்மையிலேயே அன்றைக்குத்தான் எனக்கு அபிநயம் என்றால் என்னவென்று கொஞ்சம் பிடிபட்டது. கோபத்துக்குப் புருவம் முழுக்க ஏற வேண்டியதில்லை, மூக்கு நுனி இறுகினால் போதும். நாற்பத்தைந்து நிமிஷ வர்ணத்தை ஒன்பதாகச் சுருக்கியது வலித்தது. ஆனால் சுருக்கும்போது எதை விட்டால் உயிர் போகாது என்று உட்கார்ந்து யோசித்தோம் பாருங்கள், அதுவரை நாங்கள் வர்ணத்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒளிபரப்பு அன்று எதிர்வீட்டு மாமாவின் வீசீஆரில் பதிவு செய்து, கேசட்டின்மேல் என் பெயரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அம்மா பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். தொண்ணூறுகளில் ஒருநாள் எங்கள் சித்தப்பா கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்யக் கேசட் தேடியிருக்கிறார். இப்போது அதில் மிச்சமிருப்பது தில்லானாவின் கடைசி நாற்பது விநாடி. நான் அரைமண்டியில் கைகூப்பி நிற்பேன், படக்கென்று ஒரு பௌலர் ஓடி வருவார்.

சித்தப்பாவோடு அம்மா இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பேசின் பிரிட்ஜ்

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா ஒண்ணு. இழைத் தலைப்பில் சென்னைக் கலைகள் என்று போட்டிருக்கிறீர்கள், இதுவரை வந்த மூன்று பதிவிலும் கூவத்தைத் தாண்டவே இல்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். பறை அடிக்கிற கையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், வயலின் விரலுக்குக் குறைவில்லாத வேலை.

எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் காஞ்சிபுரம் பக்கமிருந்து கூத்து ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு, வரும். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்போதுதான் முடியும். ஒரு வருஷம் ஏதோ ஒரு சேனலிலிருந்து எடுக்க வந்தார்கள். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. வந்தவர்கள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எடுக்கணுமாம். பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கணுமாம். ஜமாக்காரர் பதில் பேசாமல் உட்கார்ந்து முகத்தில் அரிதாரம் பூச ஆரம்பித்தார். கட்டை கட்டி, கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாம் ஏற்றி வேஷம் முடியவே ரெண்டு மணி நேரம் ஆகிவிட்டது. சேனல்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறது. ரெண்டு பேர் திரையைப் பிடித்திருக்கிறார்கள், முகவீணைக் குழல் கத்துகிறது, சலங்கை மட்டும் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. கூத்தில் இந்த இடத்துக்குத்தான் கூட்டம் காத்துக்கிடக்கும், திரை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. கேமராக்காரர், "திரையைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க" என்றார். அப்போது கட்டியங்காரன், கூத்தின் கோமாளி, கேமரா முன்னாலேயே போய் நின்றான்.

"மகாராஜா! பன்னெண்டு நிமிஷத்துல பாரதப் போரை முடிச்சாவணுமாம். கிருஷ்ணன் தூதெல்லாம் வாணாம், போன்ல பேசிக்கலாம். சூதாட்டத்துக்கும் டைம் இல்ல. நேரா வந்து தொடையில அடி வாங்கிட்டுப் படுத்துக்கங்க!"

தெருவே சிரித்தது. சேனல்காரரும் சிரித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒளிபரப்பில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். அன்றைக்கு அந்த மூன்று மணிக் கூத்தில் உயிரோடு இருந்ததே அந்த ஒரு இடம்தான்.

மாடிப்படி

பேசின் பிரிட்ஜ் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம், தலைப்பு போட்டவன் நான்தான். 2007-இல் சென்னை சங்கமம் வந்தபோதுதான் கரகத்தையும் தப்பாட்டத்தையும் நான் பூங்காவில், செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை அவை எனக்கு வயலுக்கு நடுவே எடுத்த படங்கள்தான். 2017-இல் இசைக்காக யுனெஸ்கோ பட்டியலில் சென்னை இடம் பிடித்ததே, அந்தச் செய்தியைப் பார்த்தபோதும் என் மனசில் ஓடியது வீணைதான். கானா ஓடவில்லை. பாட்டி வளர்ப்பு.

ஜமக்காளத்தடி

நான் ஓபி வேனோடு, அதாவது வெளியிட ஒளிபரப்பு வண்டியோடு, போனவன். ஒப்பந்த வேலை, கேபிள் இழுப்பது. ஒரு மார்கழி முழுக்க ஒரு சபாவில் நேரடி ஒளிபரப்பு. எந்த சபா, எந்த நிலையம் என்பதெல்லாம் விடுங்கள்.

வேன் சபாவின் பின்பக்கம், கேன்டீனை ஒட்டி நிற்கும். உள்ளே பத்து மானிட்டர், வெளியே தோசைக்கல். கேபிளை வாசலிலிருந்து மேடை வரை ஜமக்காளத்துக்கு அடியில் ஓட்டி, கால் தட்டாமல் டேப் ஒட்ட வேண்டும். பட்டுப்புடவைக் கரை அதில் மாட்டாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனி உத்தியோகம்.

சபா ஸ்பீக்கரில் கேட்பது வேறு, வீட்டில் கேட்பது வேறு. மேடை மைக்கை இரண்டாகப் பிரித்து எங்களுக்கு ஒரு கிளை வரும். அரங்கத்துக்கு மிருதங்கம் தூக்கலாக வேண்டும் என்று மேடையில் கையைக் காட்டினால், அதே அளவை வீட்டுக்கு அனுப்ப முடியாது, டிவி அதிரும். எங்கள் ஒலிக்காரர் இரண்டு மணி நேரமும் ஒரே ஒரு பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டிருப்பார். அவரும் பக்கவாத்தியம்தான், என்ன, சால்வை கிடையாது.

இன்னொரு கூத்து கேளுங்கள். பார்வையாளர்களைக் காட்டச் சொன்னால் காலி நாற்காலி தெரியக்கூடாது. தாளம் போடுகிறவராக வேண்டும், தூங்குகிறவராக இருக்கக்கூடாது. இப்படிக் கழித்துக் கழித்து வந்தால் மூன்றாவது வரிசையில் ஒரே மாமா மிஞ்சுவார். அவரும் விவரமானவர். நான்காம் நாளிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு அங்கவஸ்திரத்தோடு வர ஆரம்பித்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் தலையாட்டல் கூடும். ஒருநாள் தப்புத் தாளத்தில் அவரைக் காட்டிவிட்டோம். மறுநாள் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "அது மிஸ்ரசாபு, நான் ஆதி போட்டுண்டிருந்தேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

பஞ்சமம்

இந்த இழையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அதனால் எழுதுகிறேன்.

2024 ஜனவரியில் தூர்தர்ஷனின் பொதிகை சேனல் டிடி தமிழ் ஆனபோது பழைய பதிவுகளைத் தேடும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி பழைய சரக்கில் கொஞ்சம் யூடியூபில் ஏற்றியிருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் வீட்டுக் கேசட்டிலிருந்து ஏற்றியதும் உண்டு. அப்படி ஒரு கறுப்பு வெள்ளைக் கச்சேரி. பாடகர், வயலின், மிருதங்கம், கடம், எல்லார் பெயரும் எழுத்தில் வருகிறது. பின்னால் சுருதிக்குத் தம்புரா மீட்டியபடி ஒரு பெண். அவர் பெயர் வரவில்லை, தம்புராக்காரர் பெயரை யார் போட்டார்கள். இரட்டைப் பின்னல், கட்டம் போட்ட புடவை, ஒருதடவைகூடக் கேமராவைப் பார்க்காத கண். அது என் அத்தை. அப்போது அவருக்கு இருபது இருக்கும்.

அத்தைக்கு இப்போது கண் சரியில்லை, கை நடுங்குகிறது. மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்து, "அத்தை, யாருன்னு பாருங்க" என்றேன். முகத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கூட்டச் சொன்னார். பாடகர் ஆலாபனையில் இருக்கிறார், அத்தை காதைத் திருப்பி அதற்குப் பின்னால் எதையோ கேட்கிறார். ஒரு நிமிஷம் இருக்கும்.

"பஞ்சமத் தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கு. பார்த்துக்காம விட்டுட்டேன்" என்றார்.