மிஸ்டர் பீன் திரும்பி வந்தபோதெல்லாம்

1990 புத்தாண்டு அன்று பிரிட்டனின் ஐடிவி சேனலில் தொடங்கிய ‘மிஸ்டர் பீன்’ தொடரில் மொத்தமே 15 பகுதிகள்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கேபிள் டிவியில் அத்தனை தடவை பார்த்திருக்கிறோம். நான் லண்டனுக்குக் குடிவந்த பிறகும் அவர் திரும்பி வருகிறார் என்று கேள்விப்பட்டால் விடுவதில்லை.

1997-ல் வந்த முதல் படம் எனக்கு ஏமாற்றம்தான். பீனை அமெரிக்காவுக்கு அனுப்பி, ஓர் ஓவியத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் பேச வைத்துவிட்டார்கள். பீன் வாயைத் திறந்து பேசினால் பாதி சுவை போய்விடுகிறது. பீனாக நடிக்கும் ரோவன் அட்கின்சனுக்கு இது தெரியாததல்ல. தொடர் தொடங்கும் முன்பே, 1987-ல் மாண்ட்ரியல் நகைச்சுவை விழாவில், பிரெஞ்சு வசனமே இல்லாத தன் நடிப்போடு அவர் பிரெஞ்சு நிகழ்ச்சியில்தான் நடிப்பேன் என்று கேட்டு வாங்கினாராம். மொழியே இல்லாமல் சிரிப்பு வருகிறதா என்று பார்க்கத்தான்.

2007-ல் ‘மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே’ வந்தபோது மனம் நிறைந்தது. குலுக்கலில் பரிசு விழுந்து பிரான்சுக்குப் போகிறார். பாரிஸில் ஓர் உணவகத்தில் தட்டு நிறையக் கடல் உணவு வருகிறது. சிப்பியை வாயில் வைத்தவருக்கு விழுங்க முடியவில்லை. சாப்பிடுவதுபோல் பாவனை செய்து நாப்கினில் சேர்த்துக்கொண்டே வருகிறார். அப்புறம் அத்தனையையும் பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பைக்குள் கொட்டிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பைக்குள் போன் அடிக்கிறது. அவள் கையை விடுவதற்கு முன்னாலேயே தியேட்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. என் பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாதான். அப்பா அப்போது எங்களோடு ஈஸ்ட் ஹாமில் இருந்தார். ஆங்கிலம் வராது, விழா நீண்டுகொண்டே போக, சோபாவில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். சைமன் ரேட்டில் நடத்த, லண்டன் சிம்பொனி இசைக்குழு ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தின் இசையைத் தொடங்கியது. கேமரா கீபோர்டு பக்கம் வந்தால், ஒற்றை விரலால் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டு அவர்! “டேய், நம்ம ஆளுடா!” என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

சலித்துப்போய் வாட்ச்சைப் பார்க்கிறார், போனை எடுக்கிறார். தும்மல் வந்து டிஷ்யூ எடுக்கத் திரும்பும்போதும் குடையை நீட்டி அந்தக் கட்டையை விடாமல் தட்டுகிறார். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கொடுத்த வேலையைத் தன் வழியில் செய்தே தீருவார். பீன் மேல் எனக்குள்ள பிரியமெல்லாம் இதனால்தான்.

ஐம்பது தாண்டியவர் சிறுபிள்ளைபோல் நடந்துகொண்டால் பார்க்கச் சற்று வருத்தமாகிவிடும் என்று அட்கின்சன் அதே ஆண்டு சொன்னார். கேட்டபோது கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் 2015-ல் நன்கொடை திரட்டும் காமிக் ரிலீஃப் டிவி நிகழ்ச்சிக்காக இறுதிச் சடங்குக் காட்சி ஒன்றில் வந்தார். கார்ட்டூன் தொடரும் அந்த ஆண்டே திரும்ப வந்தது. என் மகளுக்கு அந்தக் கார்ட்டூன்தான் பீன். கார்ட்டூனுக்கு வயதாகாது, சரி, குரலும் அட்கின்சனுடையதுதான். சமையலறையிலிருந்து கேட்டாலும் அந்த முனகல் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆனாலும் அந்த முகத்துக்கு ஈடாகவில்லை. இன்னொரு முறை வருவாரானால் முழுப் படம் வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

2007 படத்தை ஊரில் தியேட்டரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தக் கைப்பைக் காட்சிக்கு அங்கே எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.