டிகிரி ஷோ நெருங்குகிறது, ஆயில் பெயின்டிங் இன்னும் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

ஈரக்கேன்வாஸ்:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியப் பிரிவு, கடைசி வருடம். டிகிரி ஷோவுக்கு, அதாவது கடைசி வருடப் படைப்புகளை மதிப்பெண்ணுக்கு வைக்கும் கண்காட்சிக்கு, மூன்று வாரம்தான் இருக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. காலி அறைகள், ஜன்னல் வழியே விழும் வெளிச்சம், இதுதான் விஷயம், ஒரே தொடராக நான்கு ஆயில் பெயின்டிங். இரண்டு முடிந்து நன்றாகக் காய்ந்துவிட்டன. பெரியது ஒன்று, 5 அடிக்கு 4 அடி, வேலை முடிந்தும் காயவே மாட்டேன் என்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு டைட்டானியம் ஒயிட்டைக் கத்தியால் கெட்டியாக இழுத்திருக்கிறேன், அது மேலே பாலாடை மாதிரி தோல் கட்டி உள்ளே மெத்தென்று இருக்கிறது. மூலை இருட்டு அலிசரினும் ஐவரி பிளாக்கும் கலந்து மெல்லிசாகப் பூசியது, அதுவும் விரல் வைத்தால் ஒட்டுகிறது. ஆனால் அதே படத்தில் தரைக்கு அடித்த பர்ன்ட் அம்பர் சீக்கிரமே காய்ந்துவிட்டது, இதுதான் எனக்குப் புரியவில்லை. நான்காவது படம் பாதியில் நிற்கிறது.

இன்னொன்று, காய்ந்த படங்களிலும் இருட்டுப் பகுதிகள் சில இடம் பளபளவென்றும் சில இடம் செத்த மாதிரி மங்கலாகவும் திட்டுத்திட்டாகத் தெரிகின்றன. வார்னிஷ் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர், ஹேர் டிரையர் போடு என்கிறார் இன்னொருவர், கலரைச் சீக்கிரம் காயவைக்கும் கோபால்ட் டிரையரை மேலே தடவு என்று மூன்றாமவர். போதாததற்குப் பெரிய படத்தின் துணி நடுவில் தொய்ந்திருக்கிறது, மாட்டப்போகும் சுவரோ பலகைத் தடுப்பு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

பழைய தூரிகை:

ஹேர் டிரையர், கோபால்ட், வார்னிஷ், மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

ஆயில் கலர் ஈரம் ஆவியாகிக் காய்கிற சரக்கு இல்லை. எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகுகிறது. சூடான காற்றை ஊதினால் மேல்தோல் மட்டும் சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே ஆக்சிஜன் போக வழியில்லாமல் அடிப்பகுதி இன்னும் தாமதமாகும், அப்புறம் சுருக்கம் விழும். கோபால்ட் டிரையர் கலரோடு சொட்டுக் கணக்கில் கலக்க வேண்டியது. போட்டு முடித்த படத்தின் மேல் தடவினாலும் அதே தோல் கதைதான்.

அம்பர் காய்ந்ததில் அதிசயம் இல்லை, அந்த மண்ணில் மாங்கனீசு இருக்கிறது, அது எண்ணெய் இறுகுவதைத் துரிதப்படுத்தும். அலிசரினும் ஐவரி பிளாக்கும் இயல்பிலேயே சோம்பேறிகள். ஆனால் மெல்லிசாகப் பூசியதுமா இத்தனை நாள் ஒட்டுகிறது? அங்கேதான் இடிக்கிறது. கலரோடு எந்த மீடியம் சேர்த்தீர்கள், ஒயிட் டியூபின் பின்பக்கம் எந்த எண்ணெய் என்று போட்டிருக்கிறது, படத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? இதைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

ஈரக்கேன்வாஸ்:

டியூபில் சாஃப்ளவர் ஆயில் என்று இருக்கிறது. மீடியம் ஸ்டுடியோவில் பொதுவாகக் கலந்து வைத்திருக்கும் பாட்டில், லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதும் போய் முகர்ந்து பார்த்தேன், பல்வலி மருந்து வாசனை வருகிறது. காய்ந்த இரண்டு படமும் இந்த பாட்டில் வருவதற்கு முன்னால் செய்தவை. பெரிய படம் ஸ்டோர் ரூமில் சுவர் பக்கம் திருப்பி, தூசி படாமல் துணி போட்டு மூடி இருக்கிறது.

பழைய தூரிகை:

பல்வலி வாசனை என்றால் கிராம்பு எண்ணெய். ஒரே ஈரத்தில் பல நாள் வேலை செய்ய விரும்புகிறவர்கள் கலர் காயக்கூடாது என்றே இதைச் சேர்ப்பார்கள். அதில் இருக்கும் யூஜெனால் ஆக்சிஜன் வேலையைத் தடுத்து வைக்கும். யாரோ தன் வசதிக்குக் கலந்தது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்த பாட்டிலில் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், அடுத்தவருக்காவது உதவும்.

சாஃப்ளவர் எண்ணெய் லின்சீடைவிட மெதுவாகக் காயும். வெள்ளை மஞ்சளடிக்கக்கூடாது என்று பல கம்பெனிகள் டைட்டானியம் ஒயிட்டை அதில்தான் அரைக்கிறார்கள். அதோடு கத்திக் கனம், அதோடு இருட்டு ரூம், அதோடு மூடின துணி. காயாமல் இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது!

முதல் வேலை, படத்தை ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே எடுங்கள். நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை, ஈரப்பதம் இல்லாமல் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. நேர் வெயில் வேண்டாம். ஃபேன் காற்று அறையில் சுற்றட்டும், படத்தின் மேல் நேராக அடித்தால் தூசிதான் வந்து ஒட்டும். மெல்லிய இருட்டுப் பகுதி ஷோவுக்குள் தொடும் அளவுக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். கெட்டி வெள்ளை வராது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும், இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அரைத்த கலர்:

நான் என்றால் அந்த வெள்ளையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஆல்கைட் மீடியம் கலந்து மெல்லிசாகத் திரும்பப் போடுவேன். ஆல்கைட் கலந்த மெல்லிய பூச்சு ஏறக்குறைய ஒரு நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும். இதில் என்ன பெரிய யோசனை?

பழைய தூரிகை:

யோசனை இருக்கிறது. அந்தக் கத்தித் தடம்தான் அவருடைய ஜன்னல் வெளிச்சம். அதைச் சுரண்டி மெல்லிசாகப் போட்டால் படம் காயும், ஆனால் வேறு படமாகிவிடும். அப்புறம் சுரண்டின இடத்தில் மிச்சமிருக்கும் ஒட்டுகிற கலரின் மேல் வேகமாகக் காய்கிற ஆல்கைட் போட்டால் மேல் அடுக்கு முதலில் இறுகி, கீழே இருப்பது பிறகு அசையும்போது வெடிக்கும். மெதுவாகக் காய்வது மேலே, வேகமாகக் காய்வது கீழே, இந்த வரிசையை மாற்றினால் பிறகு அழ வேண்டியதுதான்.

மரச்சட்டம்:

நான் படங்களை மாட்டுகிற ஆள், வரைகிற ஆள் இல்லை, அதனால் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். தங்கச்சி, படம் காய்ந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பத்திரமாக இடத்துக்கு வந்து சுவரில் தொங்கினால் போதும். ஈரப் படங்களை எத்தனையோ மாட்டியிருக்கிறோம். தரையில் ஒரு கோடு, பக்கத்தில் 'ஈரம், தொடாதீர்கள்' என்று ஒரு சின்ன அட்டை, முடிந்தது. ஆட்கள் உரசிக்கொண்டு போகிற வாசல் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.

ஆபத்து கொண்டுவரும் வழியில்தான். ஈரக் கலர் மேல் பபிள் ரேப் சுற்றவே கூடாது, அந்தக் குமிழ்கள் அச்சாக விழுந்துவிடும், காய்ந்ததாகத் தெரியும் படத்தில்கூட விழுந்து பார்த்திருக்கிறேன். படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, கலர் மேட்டைவிட ஆழமாக ஒரு மரச் சட்டம் அடித்து, படத்தை அதற்குள் வைத்துப் பின்பக்கத்திலிருந்து, துணியை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்ட்ரெச்சர் கட்டையோடு ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். முன்பக்கம் அட்டை அந்தச் சட்டத்தில்தான் உட்காரும், கலரைத் தொடாது. இரண்டு பேர் தூக்குங்கள், நிமிர்த்தியே கொண்டு போங்கள்.

தொய்வுக்கு: பின்னால் மூலைகளில் ஆப்பு போடும் பள்ளம் இருக்கிறதா? இருந்தால் நான்கு மூலையிலும் மாறி மாறிச் சின்னச் சின்னத் தட்டு. ஒரே மூலையை இறுக்கினால் சட்டம் கோணும். தட்டும்போது துணிக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், சுத்தியல் நழுவினால் துணியில் புடைக்கும். நடுவில் குறுக்குக் கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். 5 அடிக்கு அது இல்லாமல் முடியாது, இல்லையென்றால் இப்போதே ஒன்று சேர்த்துவிடுங்கள். பின்னால் தண்ணீர் தெளித்தால் துணி விறைக்கும் என்று யாராவது வருவார்கள். விறைக்கும், காய்ந்ததும் பழையபடி தொய்யும்.

ஈரக்கேன்வாஸ்:

அண்ணா, இப்போதுதான் மூச்சு வந்தது. பள்ளம் இருக்கிறது, ஆப்புகள் ஒரு கவரில் அப்படியே கிடக்கின்றன. குறுக்குக் கட்டையும் இருக்கிறது. வெள்ளையைச் சுரண்டப்போவதில்லை. பாதியில் நிற்கும் படம் பழைய மீடியத்தில் ஆரம்பித்தது, அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்துதான் இருக்கிறது. அதை அக்ரிலிக்கில் முடித்துவிடலாமா? சீக்கிரம் காயுமே.

அரைத்த கலர்:

ஆயில் மேல் அக்ரிலிக் பிடிக்காது, நாளைக்கு உரியும். அக்ரிலிக் மேல் ஆயில் போடலாம், திருப்பி முடியாது. இங்கேதான் ஆல்கைட் மீடியம் சரி, அடி காய்ந்திருக்கிறது அல்லவா. மெல்லிசாகவே முடியுங்கள், இருட்டுக்கு ஐவரி பிளாக்கை விட்டுவிட்டு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீனும் கலந்தால் கறுப்பும் கிடைக்கும், வேகமாகவும் காயும்.

தேர்வுமேசை:

பல வருடம் இந்த ஷோக்களில் மதிப்பெண் போடும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த நான்காவது படம் கட்டாயமா? எத்தனை படம் என்று உங்கள் துறை எழுத்தில் கேட்டிருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் மூன்று நல்ல படமும் நிறையக் காலிச் சுவரும் போதும், அதுவும் உங்கள் விஷயமே காலி அறைகள். அவசரத்தில் முடித்த ஒரு படம் சுவரில் இருந்தால் எங்கள் கண் முதலில் அங்கேதான் போகும், மற்ற மூன்றையும் அதன் வழியாகத்தான் பார்ப்போம். அதற்குப் பதில் பென்சில் ஸ்டடிகள், ஸ்கெட்ச் புக் ஒரு மேசையில் இருக்கட்டும். எப்படி யோசித்து வந்தீர்கள் என்பது அதில் தெரியும். நேரம் மிச்சமானால், படங்களைப் பற்றி நீங்கள் எழுதி வைக்கும் ஸ்டேட்மென்டைத் திருத்துங்கள். 'நினைவையும் வெளியையும் விசாரிக்கிறேன்' என்ற வாக்கியம் இருந்தால் தயவுசெய்து அடித்துவிடுங்கள், எல்லோருடையதிலும் அது இருக்கிறது. எந்த அறை, ஏன் காலி, ஏன் வெளிச்சம் மட்டும் கெட்டி, இதை நேராக எழுதினாலே போதும்.

கரிவிரல்:

நடுவில் வருகிறேன், என் சார்கோல் டிராயிங்குக்குக் கரி உதிராமல் இருக்க ஃபிக்ஸேடிவ் அடித்ததில் கருமை கூடிவிட்டது, என்ன பண்ண?

பழைய தூரிகை:

அடித்ததைத் திரும்ப எடுக்க முடியாது. இனி அடிக்கும்போது தூரத்திலிருந்து மெல்லிசாக, பல முறை. மீதிக்குத் தனி இழை திறவுங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.

வார்னிஷ்பிரியன்:

திட்டுத்திட்டு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ரீடச் வார்னிஷ், அதாவது தற்காலிகமாக அடிக்கும் மெல்லிய வார்னிஷ், ஒரு கோட் அடித்தால் ஒரே நிமிடத்தில் சமமாகிவிடும், நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், எதுவும் ஆனதில்லை.

பழைய தூரிகை:

காய்ந்த இரண்டு படத்தில் மெல்லிசாக அடிக்கலாம், மறுக்கவில்லை. பெரியதில் வேண்டாம். ஒட்டுகிற பரப்பில் வார்னிஷின் கரைப்பான் கலரைத் திரும்ப இளக்கும், ஊரில் உள்ள தூசியெல்லாம் அதில் போய் உட்காரும்.

மங்கல் வருவது கலரில் இருக்கும் எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிக்கொள்வதால். காய்ந்த படங்களில் மங்கின இடத்தில் மட்டும் லின்சீடும் டர்பன்டைனும் சேர்ந்த மெல்லிய மீடியத்தைத் துணியில் தொட்டுத் தேய்த்து, கொஞ்ச நேரத்தில் மிச்சம் எதுவும் தங்காமல் துடைத்து எடுத்துவிடுங்கள், நிறம் திரும்ப எழும். அந்தக் கிராம்பு பாட்டிலை இதற்கு எடுத்துவிடாதீர்கள்! பெரியதை விளக்கால் சமாளிக்கலாம். விளக்கு மேலிருந்து, செங்குத்துக் கோட்டுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் விழுந்தால் பளபளப்பு பார்ப்பவர் கண்ணில் அடிக்காது, கத்தித் தடத்துக்கும் நல்ல நிழல் விழும்.

துடைத்த துணியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. லின்சீட் ஊறின துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானே தீப்பிடிக்கும். எண்ணெய் இறுகும்போது வெப்பம் வரும், சுருட்டின துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. தண்ணீர் ஊற்றின, மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். ஷோ அவசரத்தில் எல்லோரும் மறக்கிற விஷயம் இது.

மரச்சட்டம்:

சுவர் பாக்கி. பலகைத் தடுப்பில் வெறும் ஆணி நிற்காது. தட்டிப் பார்த்து உள்ளே கட்டை ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து அதில் ஸ்க்ரூ போடுங்கள். பெரிய படத்துக்குக் கம்பி வேண்டாம், பின்னால் இரண்டு பக்கமும் டி-ரிங் (D வடிவ வளையம்), சுவரில் இரண்டு கொக்கி, லெவலும் அசையாது. கம்பிதான் வேண்டும் என்றால் படுக்கையாக இழுத்துக் கட்டாதீர்கள். கம்பி கிடைக்கோட்டிலிருந்து 30 டிகிரிதான் எழும்புகிறது என்றால், படம் 10 கிலோ என்றால் ஒவ்வொரு பக்கக் கம்பியும் 10 கிலோ இழுவையைத் தாங்க வேண்டிவரும். அதைவிடத் தட்டையாகக் கட்டினால் இன்னும் கூடும். உயரத்துக்குப் படத்தின் நடு மையம் தரையிலிருந்து 150 செமீ பக்கம் வரட்டும், தொடர் என்பதால் எல்லாப் படங்களின் மையமும் ஒரே கோட்டில் இருக்கட்டும், அடி விளிம்பைச் சமப்படுத்த முயலாதீர்கள்.

ஈரக்கேன்வாஸ்:

அப்டேட். துறையில் கேட்டேன், எண்ணிக்கை கட்டாயம் இல்லையாம், மூன்றுதான் வைக்கிறேன். பெரிய படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்த பிறகு இருட்டுப் பகுதி இப்போது விரலில் ஒட்டவில்லை, லேசாகப் பிசுபிசுப்பு மட்டும். வெள்ளை அப்படியேதான். ஆப்பு வேலை செய்தது. ஸ்டேட்மென்டில் 'விசாரிக்கிறேன்' இருந்தது, அடித்துவிட்டேன். கடைசியாக இரண்டு: லேபிளில் அகலம் முதலிலா உயரம் முதலிலா? ஷோ முடிந்து எப்போது வார்னிஷ்?

தேர்வுமேசை:

உயரம் முதலில், அப்புறம் அகலம், செமீயில். தலைப்பு, ஆண்டு, கேன்வாஸில் ஆயில், அளவு. ஈரம் என்பதை லேபிளில் எழுதாதீர்கள், அது தனி அட்டை.

பழைய தூரிகை:

மெல்லிய படங்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். பெரியதற்கு வெள்ளையில் நகத்தை அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம், விழாத நிலை வரட்டும். அதன் பிறகும் ஓரத்தில் பஞ்சில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு மெல்லத் துடைத்துப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் நேரமாகவில்லை.